நூல்கட்டைப் பீரங்கிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஆள் இருபத்திரண்டு, வாளி பதினேழு, குழாய் ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாளி வரிசையில் நின்றது என் மனைவி.

மாடியில் இருந்த ஒற்றை அறையில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். தியாகராய நகரில் அவருடைய சொந்தக்காரர் வைத்திருந்த ஜவுளிக் கடையில் வேலை. குடும்பம் ஊரில். வீட்டில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. எனக்கும் ஆபீஸ் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம்தான் அந்த யுத்த ஆட்டம்.

அந்தச் சமயத்தில் நிஜமாகவே யுத்தம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. பேப்பரில் தினமும் வரைபடம் போட்டு, அம்புக்குறி போட்டு, யார் எந்த வரிசையை எங்கே உடைத்தார்கள் என்று விளக்கியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நாங்கள் இருவரும் தளபதிகளைக் குறை சொல்வோம். குறை சொல்வது அலுத்தபோது, நாமே ஒரு யுத்தம் நடத்தினால் என்ன என்று தோன்றியது. துணி சுற்றி வரும் அட்டைகளை அண்ணாச்சி கடையிலிருந்து கொண்டு வந்தார். அவற்றைப் பசை போட்டு ஒட்டிப் பன்னிரண்டு கட்டம் அகலம், பத்துக் கட்டம் நீளம் என்று நான் கோடு போட்டேன். நடுவில் நீல மசியால் ஓர் ஆறு. ஆற்றின் ஒரு கரையில் காக்கிறவன் தன் வரிசையை நிறுத்துவான். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவன் அதை உடைக்க வேண்டும்.

ஆட்டத்தின் ருசியே ஆரம்பத்தில்தான். ஆளுக்கு நாற்பது புள்ளி. அதற்குள் அவரவர் படையை அவரவர் பொறுக்கிக்கொள்ளலாம். காலாள் ஒரு புள்ளி. அதற்குச் சட்டைப் பொத்தான். குதிரை மூன்று புள்ளி; அதற்குச் சோழி. டாங்கி எட்டுப் புள்ளி, அது தீப்பெட்டி. பீரங்கி ஐந்து புள்ளி; நூல் தீர்ந்துபோன மரக்கட்டைகளை என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்து அதற்கு வைத்தோம். காய்களெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். ஒரு சுற்றில் ஒருவர் நான்கு காய்களைத் தொடலாம், அதற்கு மேல் கூடாது. எட்டுச் சுற்று முடியும்போது காக்கிறவனின் முன்வரிசையில் அடுத்தடுத்து மூன்று கட்டம் காலியாக இருந்தால் வரிசை உடைந்ததாக அர்த்தம்.

எட்டு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கைத்தானே ராகு காலம் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அது கடைசிப் பங்கு, நாலரை முதல் ஆறு வரை. நாங்கள் ஆடியதும் ஞாயிற்றுக்கிழமை. ஆகவே எட்டாவது சுற்று ராகு காலம், அதில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று நான் ஒரு சட்டம் சேர்த்தேன். அண்ணாச்சி உடனே ஒப்புக்கொண்டார்.

"சரிதான் சார். எங்க மொதலாளி ராகு காலத்துல பில்லு புக்கையே தொறக்க மாட்டாரு. அப்புறம் எவன் சண்டைக்குப் போவான்?"

இந்தச் சட்டத்தால் தாக்குகிறவனுக்குக் கையில் ஏழு சுற்றுதான். காக்கிறவனுக்கு அது சௌகரியம். நான் எப்போதும் காக்கிற பக்கம்.

என் படை மாறாது. பொத்தான் இருபது, சோழி நான்கு, தீப்பெட்டி ஒன்று. முன்வரிசையில் பன்னிரண்டு பொத்தான், கட்டத்துக்கு ஒன்றாக. பின்னால் எட்டுப் பொத்தான், ஓட்டை விழுந்தால் அடைக்க. அண்ணாச்சி ஐந்து டாங்கிகளை எடுத்துக்கொண்டு மோதுவார். வரிசையில் ஓட்டை விழும். அடுத்த நிமிஷமே நான் அடைத்துவிடுவேன். மறுபடி மோதுவார், மறுபடி அடைப்பேன். ஏழு சுற்று முடிந்ததும் தீப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு, "ஒங்க கூட ஆடுறது கல்லுச் செவத்துல முட்டுத மாதிரி" என்பார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

பீரங்கியை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை. அதை ஒரு சுற்றில் சாய்த்து வைத்தால் குண்டு ஏற்றியதாக அர்த்தம். அடுத்த சுற்றில் நிமிர்த்தினால் சுட்டதாக அர்த்தம். நேர் எதிரே மூன்று கட்டம் தள்ளி நிற்கும் காய் போய்விடும். ஒரு காயைத் தட்ட இரண்டு சுற்றா? சுட்டாலும் அந்த இடத்தில் நான் உடனே இன்னொரு பொத்தானை வைத்துவிடுவேன். குதிரை பக்கத்தில் வந்து நின்றால் பீரங்கி காலி. பேசாமல் நூல் சுற்றவே வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

நாங்கள் ஆடும்போது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருப்பாள். கல் பொறுக்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடிவதற்கு முன் குழாயடியில் நின்று, சமைத்து, எனக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் வந்து மறுபடியும் குழாயடி. அந்த வைகாசியில், பள்ளிக்கூடம் லீவில் இருந்தபோது, ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"அடையார்ல ஒரு மாடிப் போர்ஷன் காலியா இருக்கு. ரெண்டு ரூம், தனிக் கிணறு, சமையலறைக்குள்ளேயே குழாய். ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். போலாமா?"

நான் என் ஆட்சேபணைகளைச் சொன்னேன். ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் என்ன செய்வது? ராத்திரி பஸ் குறைவு. பாம்பு உண்டு என்று கேள்வி. என் ஆபீஸ் தூரமாகிவிடும். நல்ல காய்கறி கிடைக்காது. தெரிந்த டாக்டர் இல்லை. இன்னும் சிலவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு ஆயிடுத்து" என்றாள். "பன்னெண்டாவது என்ன? மோர் விடட்டுமா?"

இப்படியே ஒரு வாரம் போயிற்று. அடையாறு வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. வைகாசி போய்விட்டால் ஆனியிலும் ஆடியிலும் வீடு மாற முடியாது. ஆவணி வரை அவர் காலியாகப் போட்டு வைக்கமாட்டார். இது எனக்கும் தெரியும். ஆகவே நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி அட்டையோடு இறங்கி வந்தபோது அவள் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இன்னிக்கு நான் ஆடறேன்" என்றாள். "நீங்க காக்கற பக்கம். நான் உடைச்சா அடையார். உடைக்கலேன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"வீடு மாத்தறது விளையாட்டா?" என்றேன்.

"நீங்க ஆடறதைப் பாத்தா விளையாட்டு மாதிரி தெரியலையே."

அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஒத்துக்கிடுங்க சார். நான் நடுவுல இருந்து ஞாயம் சொல்லுதேன். ஒங்களை நான் இத்தன நாள் முட்டியும் ஒடைக்க முடியல. தங்கச்சி இன்னைக்குத்தான் மொத மொத ஆடுது. பயப்படுதீயளா?"

பயப்படுகிறேன் என்று எந்த மனிதன் சொல்வான்? சரி என்றேன். உள்ளூர எனக்கு ஒரு நிம்மதி. மூன்று மணிக்குள் இந்த அடையாறு விவகாரம் தீர்ந்துவிடும்.

அவள் படையைப் பொறுக்க ஆரம்பித்தாள். முதலில் பத்துப் பொத்தான். பிறகு ஒரு நூல்கட்டை. அப்புறம் இன்னொன்று.

"தாயி, அது வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "டாங்கி எடுங்க. இது நவராத்திரிக் கொலுவுக்குத்தான் ஆகும்."

"எங்க ஆத்துச் சாமான் அண்ணாச்சி. எனக்குப் பழகினது" என்று சொல்லிவிட்டு ஆறு கட்டைகளையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

நான் கணக்குப் பார்த்தேன். ஆறைந்து முப்பது, பொத்தான் பத்து, ஆக நாற்பது. இன்னொரு முறை கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது. குதிரை ஒன்றுகூட இல்லை, டாங்கி இல்லை. இப்படி ஒரு படையை எதிர்க்க நான் இருபது பொத்தான் வைத்திருப்பதே அதிகம் என்று பட்டது.

ஆட்டம் ஆரம்பித்தது. அவள் கட்டைகளை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள், கூடத்தில் அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரி. சுற்றிலும் பொத்தான்களைக் காவலுக்கு வைத்தாள். மூன்றாவது சுற்றில் நான் என் நான்கு சோழிகளையும் ஆற்றைத் தாண்டி அனுப்பினேன். இரண்டு கட்டைகள் போயின. என் சோழிகளில் மூன்று அவளுடைய பொத்தான்களிடம் மாட்டிக்கொண்டன. மிச்சமிருந்த ஒன்றைத் திருப்பி அழைத்துக்கொண்டேன்.

"இன்னும் நாலுதான் இருக்கு" என்றேன்.

"ஆமாம், நாலு போறும்" என்றாள்.

ஐந்தாவது சுற்றிலேயே அந்த நான்கு கட்டைகளும் சுடுகிற தூரத்துக்கு வந்துவிட்டன, நான்கும் பக்கம் பக்கமாக. ஆனால் அவள் எதையும் சாய்க்கவில்லை. பொத்தான்களை இங்கும் அங்குமாக நகர்த்திப் பொழுது போக்கினாள். ஆறாவது சுற்றிலும் அப்படியே. எனக்கே பொறுக்கவில்லை.

"குண்டு ஏத்த மாட்டியா? இப்படியே போனா ஆட்டம் முடிஞ்சுடும்."

"என்ன அவசரம்? காப்பி ஆறிடறது, குடியுங்கோ."

அண்ணாச்சி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஏழாவது சுற்று வந்தது. அவள் நான்கு கட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழில் ஏற்றினால் எட்டில் சுட வேண்டும். எட்டு ராகு காலம். பாவம், ஒரு சுற்று தப்பாக எண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். என் முறை வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று பின்னால் இருந்த பொத்தான்களில் நான்கை அந்த நான்கு கட்டங்களுக்கு நேர் பின்னே கொண்டு வந்து நிறுத்தினேன். என் சுபாவம் அப்படி. பிறகு டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"முடிஞ்சது. நன்னாத்தான் ஆடினே" என்றேன்.

"இன்னும் ஒரு சுத்து இருக்கே" என்றாள்.

முதல் கட்டையை நிமிர்த்தினாள். எதிரே இருந்த என் பொத்தானை எடுத்து என் டம்ளர் இருந்த இடத்தில் வைத்தாள். இரண்டாவதை நிமிர்த்தினாள். மூன்றாவது, நான்காவது. நான்கு பொத்தான்கள் வெளியே வந்துவிட்டன. ஆற்றங்கரையில் நான்கு கட்டம் வெறிச்சென்று கிடந்தது.

"ராகு காலம்" என்றேன்.

"தெரியும்."

"ராகு காலத்துல சுடப்படாது."

"அப்படியா சட்டம்? புதுசா எதையும் தொடங்கப்படாதுன்னுதானே நீங்க வெச்சேள்? நான் போன சுத்துலேயே தொடங்கியாச்சு. ஏத்தறதும் சுடறதும் ஒரே காரியம். பாதியில இருக்கறதை முடிக்கலாமோல்லியோ?"

"சரி, அப்போ நானும் அடைக்கிறேன்." ஒரு பொத்தானின் மேல் கை வைத்துவிட்டேன்.

"அது எப்படி? நீங்க இப்பத்தானே ஆரம்பிக்கறேள்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது. போன தடவ கும்பகோணம் போனீயள்லா. ரயிலுக்குக் கெளம்புத நேரம் ராகு காலமா இருக்குன்னுட்டு, மத்தியானமே ஒங்க பையைக் கொண்டாந்து எம் ரூமு வாசல்ல வச்சீயளே. அது என்னது?"

"அது பரஸ்தானம்" என்றேன். நல்ல நேரத்திலேயே பையை வேறு வீட்டில் கொண்டு போய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான்.

"பையி முன்னாலேயே போயிட்டு, நான் பொறவு போறேன்னு சொன்னீய. பீரங்கியும் அப்படித்தான சார்? அது போன சுத்துலேயே கெளம்பிட்டு."

நான் அட்டையின் மேல் குனிந்தேன். அந்த ஓட்டைக்கு நேர் பின்னால் என் நான்கு பொத்தான்களும் நின்றுகொண்டிருந்தன. ஒரு கட்டம் முன்னே வந்தால் போதும். சட்டம் என்னுடையது, வர முடியாது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியை நிறுத்தி வைத்த அதே சட்டம் இன்று என்னை நிறுத்தி வைத்திருந்தது. நாங்கள் இருவரும் பீரங்கி மெதுவானது என்று ஒதுக்கி வைத்திருந்தோம். மெதுவாக இருப்பதால்தான் அது ஒரு சுற்றில் தொடங்கி அடுத்த சுற்றில் முடிகிறது. அப்படி ஒரு காய் எங்கள் டின்னில் வேறு கிடையாது. அதை அரிசி பார்த்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கையில் ஒரு நூல்கட்டையை இறுகப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்தபோதுதான், எனக்கு இது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அவளுக்கு இது ஒரு குழாய் என்று உறைத்தது.

"வீட்டுக்காரர்கிட்ட எப்போ போய்ச் சொல்லணும்?" என்று கேட்டேன்.

கட்டையைக் கீழே வைத்தாள். "ஆறு மணிக்கு மேல போலாம். இப்போ நிஜமாவே ராகு காலம்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை வீடு மாற்றினோம். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம். ஆகவே கைவண்டியைப் பத்து மணிக்கே வரச் சொல்லியிருந்தேன். அது பதினொன்றே காலுக்கு வந்தது. அண்ணாச்சி கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஏற்றுவதற்கு உதவினார். நான் சாமான்களை எண்ணினேன். எங்கள் வீட்டுச் சாமான் மொத்தம் அறுபத்து நான்கு உருப்படி. போன பொங்கலன்று எண்ணியது. வண்டியில் அறுபத்து மூன்று இருந்தது. இறக்கி எண்ணலாமா என்று பார்த்தேன்.

"இன்னா சாமி, இன்னும் எத்தினி வாட்டி எண்ணுவே?" என்றார் வண்டிக்காரர். "எண்ணிக்கினே இருந்தா சாமான் குட்டியா போடும்? வெயிலு ஏறிக்கினு கீது."

"ஒண்ணு குறையறதுப்பா."

"நானா முழுங்கிட்டேன்? வேணும்னா வவுத்தத் தட்டிப் பாரு."

எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கோயில் பக்கத்துக் கடையில் ரேடியோ பன்னிரண்டு என்று சொல்லிவிட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இனி ஒன்றரைக்கு மேல்தான் கிளம்ப வேண்டும் என்றேன்.

"அது ஆவாது சாமி. எனக்கு ரெண்டு மணிக்கு மந்தவெளில வேற லோடு கீது."

என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "நீங்க வண்டியை எடுங்கோ" என்று அவரிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நாம எப்பவோ கிளம்பியாச்சு. குறையறது வெண்கலப் பானை. அது அடையார்ல இருக்கு" என்றாள்.

"அங்க எப்படிப் போச்சு?"

"அரிசி கொஞ்சம் போட்டு, மஞ்சள் வெச்சு, வீட்டுக்கார மாமிகிட்ட கொடுத்துட்டு வந்தேன். சனிக்கிழமை. நல்ல நேரம் பாத்துத்தான்."

சனிக்கிழமை. நாங்கள் ஆடியது ஞாயிற்றுக்கிழமை. எண்ணிப் பார்த்தேன். ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் அந்தச் சனி.

"அப்போ ஆட்டத்துல நீ தோத்திருந்தா?"

"பானையைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பேன். அவ்வளவு கனத்தை நான் ஒண்டியாத் தூக்க முடியாதுதான்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

தனியாகத் தூக்க முடியாத பானையைப் பஸ்ஸில் யார் தூக்கிக்கொண்டு போனது? நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். நியாயம் சொன்ன அந்த மனிதர் கைவண்டிச் சக்கரத்தில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் குனிந்து, வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. மந்தவெளி வழியாகப் போய்ப் பாலம் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. அப்படியும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். அன்று சாயங்காலம் புது வீட்டில் எல்லாவற்றையும் இறக்கி எண்ணியபோது அறுபத்து நான்கு சரியாக இருந்தது. சமையலறையில் அவள் குழாயைத் திறந்துவிட்டு, வாளி வைக்காமல், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாளிகளை மறுபடி எண்ணப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். இந்த முறை நான் தாக்குகிற பக்கம் என்று முன்கூட்டியே சொல்லி, டின்னிலிருந்து ஆறு நூல்கட்டைகளையும் எடுத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன். அவர் அவற்றில் இரண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"பீரங்கி வெல ஏறிட்டு சார்" என்றார். "இப்போ ஒம்பது புள்ளி. தங்கச்சிக்கு மட்டும் பழைய வெல."